கண்ணாடியில் எழுதிய உபயம்

அன்புச்செல்வி டீச்சர் கரும்பலகையில் செல் படம் வரைந்தால் பூரி மாதிரி உப்பலாக இருக்கும். ஒரு வட்டம், நடுவில் ஒரு பெரிய புள்ளி, சுற்றிலும் நாலைந்து கீற்று. பத்துப் பன்னிரண்டு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு அதைத்தான் வரைந்தார். பிள்ளைகளும் அதையே நோட்டில் வரைந்து, கலர் பென்சிலால் தீட்டி, மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நான் சும்மா கேட்டுவைத்தேன். "செல்லு நெசமாலுமே இப்படித்தான் இருக்குமுங்களா டீச்சர்?" நான் தமிழாசிரியை. எனக்கு அதெல்லாம் தெரியாது.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "தெரியலீங்க ராமாமணி டீச்சர். நான் பாத்ததே இல்லீங்க."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. நான் நடத்துகிற செய்யுளை நான் படித்திருக்கிறேன். கணக்கு சார் போடுகிற கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்கிறார். அறிவியல் டீச்சர் மட்டும் கண்ணால் காணாததைப் பக்தியோடு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு அறிவியல் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

அவர் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், ஊருக்கு வெளியே தள்ளியிருந்த தெருவில் குடியிருந்த காளிச்சாமியின் மகள். அப்பா அம்மா இருவரும் தென்னந்தோப்புக் கூலி வேலை. அந்தத் தெருவிலிருந்து வாத்தியார் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். ஹைஸ்கூலில் படிக்கும்போது ஒரே ஒரு மைக்ராஸ்கோப் இருந்ததாம். வெங்காயத் தோலை வைத்துக் காட்டுகிறேன் என்று சார் வரிசையில் நிற்கவைத்திருக்கிறார். தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முன்னால், மற்றவர்கள் பின்னால், இவர் வரிசையின் வாலில். முன்னால் நின்றவர்கள் ஆற அமரப் பார்த்தார்கள். இவர் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சார் சொன்னார். அந்த நாளை வரவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் மைக்ராஸ்கோப் இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். வெளியில் நின்று பார்த்துக்கொள்ளலாம், சாமி மாதிரி.

"நான் பாக்காட்டிப் போச்சாதுங்க. இந்த எட்டாவது போறதுக்குள்ள ஒருக்காவாச்சும் புள்ளைங்களுக்குக் காட்டிப்போடோணுமுங்க" என்றார்.

எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாவதோடு சரி. அதற்கப்புறம் பையன்களில் சிலர் கிணத்துக்கடவு ஹைஸ்கூலுக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் பாதிப்பேர் மில்லுக்கு. மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பார்கள். வெங்காயத் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட அங்கே யாருக்கும் அக்கறை கிடையாது.

ஓசியில் எது கிடைத்தாலும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வழக்கம். உரக் கம்பெனிக்காரன் கொடுத்த தென்னை நோய்ப் படம், மலேரியா ஆபீசில் கொடுத்த கொசுப் படம், ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே, மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மிச்சமான செம்புக் கம்பி என்று வகுப்பறை ஒரு பழைய சாமான் கடையாக இருந்தது. ஃபியூஸ் போன பல்பின் வயிற்றைத் திறந்து தண்ணீர் ஊற்றி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார். பள்ளிகளுக்கு இலவசமாக அறிவியல் பொருள் தருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், போஸ்ட் கார்டு போய்விடும். அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று ஓர் இடத்திலிருந்து பதில் வரும். இன்னோர் இடத்திலிருந்து கட்டுக்கட்டாக அருமையான புத்தகம் வரும், அத்தனையும் இங்கிலீஷில். எங்கள் பிள்ளைகள் அதற்குள் மயிலிறகு வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஒரு போஸ்ட் கார்டுக்கு வழி பிறந்தது. கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி வைத்திருந்த சுந்தரராஜுலு, காலமான தன் அப்பா கோவிந்தராஜுலு நினைவாகக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்திருந்தார். பட்டியலில் எங்கள் பள்ளியும் இருந்தது. பெட்டிக்குள் மைக்ராஸ்கோப் உண்டு என்று தெரிந்ததும் அன்புச்செல்வி டீச்சர் அன்றே அரைக்கிலோ பெரிய வெங்காயம் வாங்கிவிட்டார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் விழா. ஷாமியானா போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, துண்டு போர்த்தி, எல்லாரும் எல்லாரையும் பாராட்டி முடிக்கவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. சுந்தரராஜுலுவுக்கு வரமுடியவில்லை. மேனேஜர் வந்திருந்தார். கைதட்டலுக்கு நடுவே பெட்டியைத் திறந்தார்கள்.

உள்ளே எல்லாம் சிவப்பாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் கோயில் டியூப்லைட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உபயம் என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், மனைவி பெயர், மளிகைக் கடையின் பெயர் எல்லாம் எழுதி, மிச்சமிருக்கிற சந்தில் கொஞ்சம் வெளிச்சம் பிதுங்கி வரும். அந்த டியூப்லைட்டுகளுக்கு எழுதுகிற பாலுசாமியைத்தான் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சாமான் விடாமல் பெயர் எழுத வேண்டும் என்று உத்தரவு. மனிதர் தொழிலில் சுத்தம். முப்பட்டைக் கண்ணாடிக்கு மூன்று பட்டை இருந்ததால் 'அமரர்' ஒரு பட்டையில், 'கோவிந்தராஜுலு' ஒரு பட்டையில், 'நினைவாக' ஒரு பட்டையில். தெர்மாமீட்டரில் எண்களின் மேலேயே எழுதியிருந்தார். காந்தத்தில் வடக்கும் தெற்கும் பெயிண்டுக்குள் போய்விட்டன.

மைக்ராஸ்கோப் கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. அதில் பெயரையே காணோம். அன்புச்செல்வி டீச்சர் முகத்தில் உயிர் வந்தது. குனிந்து அடியில் பார்த்தார். அங்கே உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டக் கண்ணாடி ஒன்று திருப்பிவிடுகிற மாதிரி பொருத்தியிருந்தது. அதன் முகம் முழுக்கச் சிவப்பு எனாமலில் 'உபயம்: அமரர் கோவிந்தராஜுலு நினைவாக'. திருப்பினார். மறுபக்கமும் கண்ணாடிதான். அங்கேயும் உபயம்.

விழாவுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்திருந்த பாலுசாமியிடம் போய் நின்றார். "ஏனுங்க, கண்ணாடி மேலயா எழுதுவீங்க?"

"எழுத எடம் வேணுமில்லீங்களா? மத்ததெல்லாம் உருளையும் வளைவுமா இருக்குது. இது ஒண்ணுதானுங்க சப்பையா இருந்துச்சு. மொகம் பாக்கற கண்ணாடியாட்டன்னு நெனச்சேன். மொகம் பாக்கறப்பப் பேரு தெரியுமில்லீங்களா?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. டீச்சர் எனக்கு விளக்கினார். சூரிய வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஸ்லைடு வழியாக வந்தால்தான் கண்ணுக்கு ஏதாவது தெரியும். கண்ணாடியை மூடிவிட்டால் மைக்ராஸ்கோப் வெறும் கறுப்புக் குழாய். ஆனால் கண்ணாடிமேல் பெயிண்ட்தானே, ஒரு பிளேடு போதும்.

மறுநாள் இருவரும் தலைமையாசிரியர் திருமலைசாமியிடம் போனோம். நல்ல மனிதர். பயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"பிளேடு வெச்சுச் சொரண்டுனா அஞ்சு நிமிசத்துல போயிருமுங்க சார்" என்றார் அன்புச்செல்வி டீச்சர்.

"யாரு பேரைங்கம்மா சொரண்டறது? செத்தவரு பேரு அது. நாளைக்கு அவுங்க வந்து பாத்தா என்னன்னு நெனைப்பாங்க? அதும் நீங்க..."

அதற்குமேல் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை எங்கே என்று தேட ஆரம்பித்தார். 'அதும் நீங்க' என்பதற்கப்புறம் என்ன வரும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்குக் காது சுட்டது. அன்புச்செல்வி டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அந்தக் கண்ணாடிய நான் தொடவே மாட்டனுங்க சார். கீழ வேற சின்னக் கண்ணாடி வெச்சுக்கறனுங்க" என்று கைப்பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்தார்.

"புள்ளைங்க கைபட்டா பெயிண்டு உரிஞ்சுபோகுமுங்க. கம்பெனியிலிருந்து போட்டோ புடிக்க வருவாங்களாம். அது வரைக்கும் பத்திரமா இருக்கட்டும். தானமா வந்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"பல்லைப் பாக்கலீங்க சார். மாடு இருக்குதான்னுதான் பாக்கறோம்" என்றேன் நான். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பை ஆபீஸ் ரூம் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று யார் சொன்னார்களோ, எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்புச்செல்வி டீச்சர் கம்பெனிக்கு எழுதினார். பெயர் கண்ணாடியில் இருப்பதால் மைக்ராஸ்கோப் வேலை செய்யவில்லை, சுரண்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று மரியாதையாகத்தான் எழுதினார். அச்சடித்த அட்டை ஒன்று பதிலாக வந்தது. 'தங்கள் பாராட்டுக்கு நன்றி.'

வாசலில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் எட்டிப்பார்ப்பார். டேபிள் டிராயரில் எப்போதும் ஒரு வெங்காயம் இருக்கும். அது முளைவிடும், வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவருவார். பொங்கல் வந்து போனது. முழுப் பரீட்சைக்கு டைம் டேபிள் ஒட்டினார்கள். எட்டாவதில் இரண்டு பெண்களுக்கு மில் வேன் எந்த ஊரில் நிற்கும் என்றுகூட முடிவாகிவிட்டது. கரும்பலகையில் பூரி அப்படியே இருந்தது. மாணவர்கள் கேட்டால் "காட்றேன் கண்ணு, காட்றேன்" என்பார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பமாட்டார்.

மார்ச் கடைசியில் கார் வந்தது. சுந்தரராஜுலுவே வந்தார், கூட மேனேஜர், கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர். திருமலைசாமி சார் மைக்ராஸ்கோப்பை எடுத்து, துண்டால் துடைத்து, வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தில் மேஜை போட்டு வைத்தார். எட்டாம் வகுப்பு வரிசையில் நின்றது. முன்னால் நின்றது யார் வீட்டுப் பிள்ளைகள், பின்னால் நின்றது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்புச்செல்வி டீச்சர் வெங்காயத் தோலை உரித்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த டிங்சரில் ஒரு சொட்டு விட்டு, ஸ்லைடை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சுந்தரராஜுலு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "ஒண்ணும் தெரியலீங்களே. இருட்டாவல்ல இருக்குது."

"புதுசுங்கய்யா. பழகப் பழகத் தெரியும்" என்றார் திருமலைசாமி சார்.

மேனேஜரும் குனிந்து பார்த்தார். "எனக்குச் சித்தெ தெரியறாப்ல இருக்குதுங்க."

"ஐயா, அப்படியே குனிஞ்சாப்ல இருங்க" என்றார் போட்டோகிராபர்.

வரிசையின் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா பேரு குறுக்க நிக்குதுங்கய்யா."

சுந்தரராஜுலு நிமிர்ந்தார். "என்னங்கம்மா சொல்றீங்க?"

அன்புச்செல்வி டீச்சர் முன்னால் வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "வெளிச்சம் இந்தக் கண்ணாடில பட்டு மேல போகோணுமுங்க. அப்பத்தான் தெரியும். கண்ணாடில அப்பா பேரு எழுதியிருக்குது. வெளிச்சம் அங்கயே நின்னுபோகுதுங்கய்யா."

அவர் பம்புக்காரர். உடனே புரிந்துவிட்டது. "புட்வால்வுல துணி அடைச்சாத் தண்ணி மேல ஏறாத மாதிரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் கோபம் வந்தது. "இத்தன நாளா ஏனுங்க யாருமே சொல்லுல?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "எழுதுனாங்கய்யா. பாராட்டுக்கு நன்றின்னு உங்க கம்பெனில பதில் போட்டிருந்தாங்க" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோகும்.

சுந்தரராஜுலு பிளேடு கேட்டார். ஒரு பெண் பென்சில் சீவுகிற பாதி பிளேடைக் கொடுத்தாள். கண்ணாடியைத் தானே கழற்றினார். பிளேடை 'கோ'வன்னாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. அப்பா பெயர். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. மேனேஜரிடம் நீட்டினார். "ஐயோ, பெரியவரு பேருங்க" என்று அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். திருமலைசாமி சார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். போட்டோகிராபருக்கு அப்போதுதான் கேமராவில் ஏதோ கோளாறு தெரிந்தது.

சுந்தரராஜுலு அன்புச்செல்வி டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்களே செஞ்சுபோடுங்கம்மா. ஒரு பக்கம் போதும். இன்னொரு பக்கம் இருக்கட்டும்."

திருமலைசாமி சார் வேகமாகத் தலையாட்டினார். "ஆமாங்கம்மா, நீங்களே செஞ்சுபோடுங்க."

அக்டோபரில் சுரண்டக் கூடாத கை அது. தலைமையாசிரியர் 'அதும் நீங்க' என்று பாதியில் நிறுத்தியது இந்தக் கையை நினைத்துத்தான். மார்ச்சில் அந்த ஒரு கைதான் தோதாகிவிட்டது. யாரும் செய்யத் துணியாத வேலை என்றால் எங்கள் பக்கத்தில் அது யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பெயர் எழுத ஷாமியானா போட்டு ஊரைக் கூட்டினார்கள். அழிப்பதற்குக் காளிச்சாமி மகள். நானாக இருந்தால் பிளேடை அவர்கள் காலடியில் எறிந்திருப்பேன்.

அவர் எறியவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அத்தனை பேரும் நிற்க, உட்கார்ந்தார். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்தாகச் சுரண்டினார். சிவப்புப் பொடி புடவையெல்லாம் விழுந்தது. முந்தானையால் துடைத்தார். மாட்டினார். வெயிலுக்குத் திருப்பினார். மேஜைமேல் ஒரு வெள்ளை வெளிச்சம் துள்ளியது.

சுந்தரராஜுலு குனியத் தயாரானார். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். அன்புச்செல்வி டீச்சர் நகரவில்லை. தன் கண்ணை வைத்தார்.

"டீச்சர், ஐயா நிக்கறாருங்க" என்று திருமலைசாமி சார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கேட்டதாகவே தெரியவில்லை. திருகாணியை முன்னும் பின்னும் திருப்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைத் தேடி என்னிடம்தான் சொன்னார்.

"பூரி இல்லீங்க டீச்சர். செங்கலுங்க. செங்கல் செவுரு கட்டுனாப்ல ஒண்ணையொட்டி ஒண்ணு இருக்குது. இத்தன வருசமா இந்தத் தோலைச் சொல்லிச் சொல்லியே தப்பா வரைஞ்சுபோட்டேனுங்க."

அப்புறம் சுந்தரராஜுலுவைப் பார்த்து, "சித்தெ பொறுங்கய்யா. புள்ளைங்க பாத்துக்கட்டும்" என்றார். வரிசையின் வாலைப் பார்த்துக் கையை நீட்டினார். "கடைசில நிக்கற அம்மணி, நீ மொதல்ல வா."

வரிசை தலைகீழாகத் திரும்பியது. மில்லுக்குப் போகவேண்டிய பெண்கள் முதலில் பார்த்தார்கள். ஒருத்தி இரண்டு முறை பார்த்தாள். சுந்தரராஜுலு கடைசியில்தான் பார்த்தார். நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் நின்றார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். திருமலைசாமி சார் பார்க்கவே இல்லை. நாற்காலியில் விழுந்த சிவப்புப் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்றே அன்புச்செல்வி டீச்சருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம். யார் சொல்லி என்று யாரைக் கேட்டாலும் "தெரியலீங்க" என்றார்கள். புதிதாக வந்த அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் வட்டம் போட்டார், நடுவில் புள்ளி வைத்தார். மைக்ராஸ்கோப் அலமாரிக்குள் திரும்பியது. கண்ணாடியில் பெயர் இருந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருமலைசாமி சாரே திருப்பி வைத்துப் பூட்டினார். செங்கல் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தமிழாசிரியை சொன்னால் யார் கேட்கிறார்கள்?

காலாண்டு விடுமுறைக்கு முன் ஒருநாள் மேட்டுப்பாளையம் போய் அவரைப் பார்த்தேன். பாக்குத் தோப்புக்கு நடுவே சின்னப் பள்ளிக்கூடம். அங்கேயும் எட்டாவதோடு சரி. மைக்ராஸ்கோப் கிடையாது. சுவரில் உரக் கம்பெனிப் படம் ஒட்டியாகிவிட்டது. ஜன்னலில் தண்ணீர் ஊற்றிய பல்பு தொங்கியது. மேஜையில் உட்கார்ந்து போஸ்ட் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். ஈரோட்டுப் பக்கம் யாரோ பள்ளிகளுக்கு இலவசமாகப் பெட்டி கொடுக்கிறார்களாம். நான் எட்டிப் படித்தேன். எல்லாம் வழக்கமான வரிகள்தான். அடியில் மட்டும் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. 'உபயம் எழுதுவதாக இருந்தால் பெட்டியின் மேல் பெரிதாக எழுதவும். கண்ணாடியில் எழுத வேண்டாம்.'

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விலாசத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார்.

"சிரிக்காதீங்க டீச்சர். இது போயி, பதிலு வந்து, பொட்டி வந்து சேர்றதுக்குள்ள இந்த எட்டாவதும் போயிருமுங்க."